கூபிக்கின் பதினொரு மணி

“ஏம்மா, மத்தியானச் சாப்பாட்ட ஒரு மணிக்குச் சாப்பிடுற மனுஷங்கள நம்பலாமா?”

மாடிப்படியில் என்னை மறித்து அலோய்ஸ் கூபிக் கேட்டார். பள்ளி இறுதித் தேர்வில்கூட இவ்வளவு கடினமான கேள்வி வரவில்லை.

செக் நாட்டுப் பிர்னோ நகரில் எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடிக்காரர். விடியலில் தொடங்கும் ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருடங்கள் ஆகின்றன. அதை யாரும் அவர் வயிற்றுக்குச் சொல்லவில்லை. ஆறு மணிக்குக் கடை திறக்கும்போது ரொட்டி வாங்க முதல் ஆளாக நிற்பார். ஒன்பதுக்குச் சிற்றுண்டி. பதினொன்றுக்குச் சாப்பாடு. இரவு பத்துக்குமேல் எந்த வீட்டில் நாற்காலி நகர்ந்தாலும் எல்லா வீட்டுக்கும் ஓடும் வெப்பக் குழாயைக் கரண்டியால் தட்டுவார். “ஊரே தூங்குது, இவனுக்கு மட்டும் என்ன கல்யாணமா?”

அவரை மட்டும் சொல்வானேன்? ஞாயிறு காலை எல்லாச் சமையலறையிலும் வறுக்கும் கறித்துண்டைத் தட்டி மெலிதாக்கும் சத்தம் கேட்கும். பதினொன்றரைக்குக் கட்டடமே மென்றுகொண்டிருக்கும்.

இந்தக் கட்டடத்துக்குள் வந்து சேர்ந்தவர் லிபுஷே அம்மா. மகளோடு இத்தாலியின் மிலானில் பல காலம் இருந்து, அந்த ஊர் ஒரு மணிச் சாப்பாட்டுக்குப் பழகிவிட்டு, கூபிக்கின் எதிர்வீட்டுக்குக் குடிவந்தவர். இருவருமே துணையை இழந்தவர்கள். அந்த அம்மா சிரித்தால் படிக்கட்டு முழுவதும் கேட்கும். கூபிக் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தார். ஞாயிறு ஒரு மணிக்கு விருந்து என்று அந்த அம்மா அழைத்த அன்றுதான், என்னிடம் அந்தக் கேள்வி.

அந்த ஞாயிறும் கூபிக் வழக்கம்போல் பதினொன்றுக்கே வீட்டில் முழுச் சாப்பாட்டையும் முடித்துவிட்டுப் போனார். அங்கே வாத்து வறுவல் தட்டிலேயே ஆறியது. அடுத்து நடந்ததைக் கட்டடமே கேட்டது.

“என் சமையல் பிடிக்கலையா?”

“ஐயோ, அப்படி இல்லீங்க. சாப்பிட்டுட்டு வந்துட்டேன்.”

“விருந்துக்கு வர்றவரு சாப்பிட்டுட்டா வருவாரு?”

“இது செக் நாடுங்க. மணி பதினொன்னு ஆயிடுச்சே!”

“அடுத்த ஞாயிறும் வாத்துதான். பசியோட வர்றதா இருந்தா வாங்க. இல்லேன்னா அந்தப் பதினொரு மணியோடயே குடும்பம் நடத்துங்க.”

இனி நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். நீங்களும் நாலு பேருக்குச் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு, பதினொரு மணி. ஜன்னலெல்லாம் வறுவல் வாசம். கூபிக் இஸ்திரிச் சட்டையோடு வாசல் பெஞ்சில் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

“உள்ள இருந்தா கை தானா அடுப்புப் பக்கம் போகுதும்மா.”

அக்கம்பக்கம் பார்த்தார். கைக்கடிகாரத்தின் திருகைப் பிடித்து, முள்ளை இரண்டு மணி நேரம் பின்னால் தள்ளினார்.

“அவங்களுக்கு ஒரு மணி, நமக்குப் பதினொன்னு. யாருக்கும் நஷ்டமில்ல.”

இப்போது கடிகாரத்தில் ஒன்பது, சிற்றுண்டி வேளை. நிம்மதியாக மூச்சுவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன ரொட்டியை எடுத்துக் கடித்தார்.