வாடை என்ற கட்டத்தில் நான் எழுதியது

அன்னக்கூடையை வாசற்படிக்கு வெளியே இறக்கி, ஈரச் சாக்கால் மூடிவிட்டு, குழாயடியில் முழங்கை வரை இரண்டு முறை கழுவிய பிறகுதான் மீன்கார அக்கா எங்கள் துணைச் சுகாதார நிலையத்துக்குள் கால் வைத்தார். உப்பூரிலிருந்து காலைப் பேருந்தில் சூடை, நகரை மீன்களைக் கொண்டுவந்து ஆர்.எஸ்.மங்கலத்துத் தெருக்களில் விற்பவர். நான் அங்கே கிராமச் சுகாதாரச் செவிலியர். யார் எப்போது வந்தார்கள், என்ன சொன்னார்கள், நான் என்ன செய்தேன் என்று அன்றன்றே எழுதிவைப்பது என் பழக்கம். ஏழு ஆண்டுகளுக்கு முந்தைய அந்த நாளை என்னால் மறக்க முடியாமல் போனதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

“நர்சம்மா, வெள்ளைபடுது. வாடை வேற. கழுவிக் கழுவிப் பாக்குறேன், போகமாட்டேங்குது” என்றார்.

“மீன் விக்கிறவுக மேல மீன் வாடை அடிக்காம மல்லியப்பூ வாடையா அடிக்கும்?” என்றேன்.

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். “அதான! பஸ்ல கண்டக்டரு என்னயக் கடேசி சீட்டுக்கு வெரட்டுறப்ப நானும் சொல்லுவேன்ல, ‘ஏலே, நாளைக்கு மல்லியப்பூவுக்கு வலை போடச் சொல்லுறேன், நீ முன்னால எடம் போட்டு வையி’ன்னு.” பிறகு முந்தானையைத் திருகியபடி குரலைத் தாழ்த்தினார். “ஆனா ஏவாரத்துக்குப் போகாத நாள்லயும் வருதே, நர்சம்மா.”

அந்தச் சொல் என் காதில் விழாமல் இல்லை. வெள்ளைப்படுதலில் வாடை இருந்தால் அதைத் தனியாக விசாரிக்க வேண்டும் என்பது பயிற்சியில் படித்த முதல் பாடம். பதிவேட்டிலேயே அதற்கென்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தில் நான் அழகான கையெழுத்தில் “தொழில் சார்ந்தது” என்று எழுதினேன். சத்து மாத்திரை கொடுத்தேன். “சுத்தமா இருங்க” என்றும் சொல்லி அனுப்பினேன்.

சொன்னதை அக்கா அப்படியே எடுத்துக்கொண்டார். படிகாரத் தண்ணீராலும் கடையில் விற்கும் கிருமிநாசினியாலும் காலை மாலை இரண்டு வேளை, உள்ளேயும் விட்டுக் கழுவியிருக்கிறார். கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு நான் பெயர் பதியக் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்: “வாடையோட போயி டாக்டரம்மா முன்னால எப்படிப் படுக்க? இது போகட்டும், வாரேன்.” வாடை போகவில்லை, அவரும் வரவில்லை. நான்கு ஆண்டுகள் இப்படியே கழிந்தன. மாதவிலக்கு நின்று வெகு காலமான பிறகு மறுபடி இரத்தம் பட்டபோதுதான் வந்தார். இராமநாதபுரத்துக்கு நானே அழைத்துப் போனேன். சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் என்று வந்தது.

மருத்துவர் எனக்கு விளக்கியதை அன்று பேருந்திலேயே எழுதினேன். பெண்ணுறுப்புக்குள் இயல்பாகவே நல்ல நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. தயிரைப் புளிக்கச் செய்பவற்றின் உறவுக்காரர்கள். அங்கே புளிப்பைச் சுரந்து காவல் காக்கின்றன. அவை குறைந்தால் வேறு கிருமிகள் பெருகும். அப்போது எழும் வாடை மீன் வாடையேதான். உடலுறவில் தொற்றும் பாப்பிலோமா வைரஸ் பெரும்பாலானவர்களுக்கு வந்து தானாகப் போய்விடும். நல்ல நுண்ணுயிர்கள் குறைந்த இடத்தில் அது போகாமல் தங்கிவிடும் வாய்ப்பு கூடுதல் என்கிறார்கள். எது காரணம், எது விளைவு என்பது இன்னும் முழுதாகத் தெளிவாகவில்லை. தங்கிவிட்ட வைரஸ்தான் பல ஆண்டுகளில் புற்றாக மாறுகிறது. உள்ளே கழுவுவது காவலையும் சேர்த்துக் கழுவுகிற வேலை.

“நான் அன்றைக்கே பார்த்திருந்தால்?” என்று கேட்டேன். “சொல்ல முடியாது” என்றார் மருத்துவர். “வாடைக்கு அன்றே மருந்து இருந்தது. வாடை போயிருந்தால் பரிசோதனைக்குக் கூச்சமில்லாமல் வந்திருப்பார்.”

மதுரையில் கதிர்வீச்சு சிகிச்சை நடந்தபோது வாரம் ஒரு முறை போய்ப் பார்ப்பேன். அக்கா கறுத்துச் சுருங்கிவிட்டிருந்தார். பக்கத்துக் கட்டில்காரர்களிடம் வம்பளப்பது மட்டும் குறையவில்லை. ஒரு நாள் துணிந்து, “அக்கா, அன்னைக்கு நீங்க சொன்னத நான் ஒழுங்காக் கேட்டிருக்கணும்” என்றேன். விடுங்க நர்சம்மா என்று சொல்லிவிடுவார் என எதிர்பார்த்தேன்.

“கேட்டிருக்கணுந்தான்” என்றார். பிறகு, “எம் மகளையாவது கேளுங்க. அவளா வாயத் தொறக்க மாட்டா.”

போன ஆனியில் அக்கா இறந்தார்.

மகளுக்கு முப்பத்து நான்கு வயது. உப்பூர் வீட்டிலிருந்து இராமநாதபுரத்தில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போய்வருகிறாள். மூன்று முறை அங்கே போய்ப் பரிசோதனைக்கு அழைத்தேன். மூன்று முறையும், “நான் மீனையே தொடுறதில்ல, எனக்கு ஒரு வாடையும் இல்ல” என்றாள். வைரஸுக்கு வாடை கிடையாது, வலியும் கிடையாது, பார்த்தால்தான் தெரியும் என்றேன். தலையாட்டினாள், வரவில்லை.

நான்காம் முறை போனபோது துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே கேட்டாள். “அம்மா மொதமொத ஒங்ககிட்ட வந்து என்ன சொன்னுச்சு?”

சொன்னேன். மல்லிகைப்பூப் பேச்சையும், இருவரும் சிரித்ததையும், ஏவாரத்துக்குப் போகாத நாள் என்று அவர் சொன்னதையும், கட்டத்தில் நான் எழுதிய இரண்டு சொற்களையும். இதுவரை யாரிடமும் சொல்லாதது. அவள் கையிலிருந்த சேலையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

“திங்கக்கெழம நானே போயிப் பாத்துக்கிறேன். ஒங்க ஆசுபத்திரிக்கு இல்ல. நீங்க கூட வர வேணாம்” என்றாள்.

திங்கள் போய் வியாழனும் ஆகிவிட்டது. போனாளா என்று கேட்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. இன்று காலை உப்பூரில் இறங்கி, அவள் வீட்டுத் திருப்பம் வரை நடந்துவிட்டு, அடுத்த பேருந்தில் திரும்பி வந்தேன்.