சக்கர நாற்காலி இல்லாமல் வந்தவள்

இது கதை இல்லை. என் நர்ஸ் வேலையின் மேல் சத்தியம். பேய் இருட்டில்தான் வரும் என்று நினைப்பவர்கள் முக்கியமாகப் படியுங்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில்... ஜொகூரில் ஓர் ஆஸ்பத்திரியின் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில்.

லாபிஸ் ஊரைச் சேர்ந்த பிரேமலாவின் மகன் ஆறாம் மாதத்திலேயே பிறந்தவன். கீழ்மாடி பிரசவ வார்டிலிருந்து அவளைத் தினமும் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருவார்கள். வெறும் நெஞ்சில் பிள்ளையைப் போட்டுக்கொள்வாள். தாயின் சூட்டில் அவன் உடம்பும் சூடேறும்.

அன்று டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"இனி தாங்காது, ஷர்மினி. அம்மாவ கூப்பிடுங்க."

அவள் மடியில்தான் அவன் போக வேண்டும். என் தவிப்பெல்லாம் அதுதான். பிரசவ வார்டில் இருந்த லோஷினிக்குப் போன் செய்தேன். என்னோடு படித்தவள், என் கல்யாணத்தில் தோழியாக நின்றவள்.

"பிரேமலாவ சீக்கிரம் அனுப்பு லா. புள்ள போகப் போகுது."



"...அனுப்பிட்டேன்."

மாலை 4.10. கதவில் மணி அடித்தால்தான் திறப்போம். மணி அடிக்கவில்லை. ஆனால் பிரேமலா உள்ளே நின்றிருந்தாள்.

நடந்தே வந்திருந்தாள். கை கழுவவில்லை. அந்த நேரத்தில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"உக்காருங்கம்மா."

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பிள்ளையைத் தூக்கி அவள் நெஞ்சில் வைத்தேன். அவன் முனகல் நின்றது.

மானிட்டரைப் பார்த்தேன். பிள்ளையின் உடம்புச் சூடு 36.4.

கம்பளி போர்த்தினேன். 35.1.

இன்னொன்று. 33.8...

தாய் நெஞ்சில் சூடு இறங்குமா?

போர்வையை இழுத்துவிட்டேன். அவள் தோள் விரலில் பட்டது.

ஐஸ்.

டீ...ட்... டீ...ட்...

திரும்பி அலாரத்தை அணைத்தேன். மறுபடி பார்த்தேன்.

நாற்காலியில் பிள்ளை மட்டும்.

மூச்சில்லை...

லோஷினியை மாடிப்படியில் மடக்கினேன். அழுதாள்.

"அவங்க ரெண்டு மணிக்கே இறந்துட்டாங்க. புருஷன் சிங்கப்பூர்லேர்ந்து வர்ற வரைக்கும் யாருக்கும் சொல்லாதேன்னு வார்டு டாக்டர் சொல்லிட்டாங்க. நான் யாரையும் அனுப்பல லா."

என்னிடமே பொய்! தெரிந்திருந்தால் அவனை நானே மடியில் வைத்திருப்பேன். அந்தக் குளிரில் விட்டிருக்க மாட்டேன். இன்றுவரை லோஷினி முகத்தில் நான் விழிப்பதில்லை. பொய்யையாவது ஒருநாள் மன்னிப்பேன். கடைசியாக அவள் சொன்னதை எப்படி மன்னிப்பது?

"சாகுறப்ப புள்ளைய கேட்டு கைய நீட்டிக்கிட்டே இருந்தாங்க. 'ஷர்மினி கொண்டாந்து உங்க கையில குடுப்பா'ன்னு நான்தான் சத்தியம் பண்ணேன்."

என்னைக் கேட்காமலே, என் பெயரில்.

வாங்க வந்தவளிடம் நானும் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.