காக்கி உடுப்பில் நின்ற என் கணவர்

அன்பான சபையாரே, என் கணவரை வீழ்த்திய கல் என் தம்பியின் கையிலிருந்து வந்தது. இத்தனை காலமும் இதை வீட்டுக்கு வெளியே சொன்னதில்லை, ஜெபத்தில் மட்டுமே சொல்லியிருக்கிறேன். இன்று உங்கள் முன் சொல்லும்படி என் தம்பியே கேட்டுக்கொண்டான்.

எங்கள் தமிழ் ஊர்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டம் எங்கள் ஊர்களைப் பிளந்திருந்த காலம். பாறசாலைக்கு அருகே ஒரு மிஷன் பள்ளியில் நான் ஆசிரியையாக இருந்தேன். என் கணவர் தேவதாஸ் ஒரு மலையாளப் படக் கம்பெனியில் சேர்ந்திருந்தார். வேலை செய்துகொண்டே காமிராத் தொழில் படிக்க அங்கே பல ஊர் இளைஞர்களை எடுத்திருந்தார்கள். தமிழரான இவரும், நெய்யாற்றின்கரை மலையாளியான கிருஷ்ணனும், காஞ்சிரங்குளத்து மீனவர் மகன் ஒருவரும் ஒரே பந்தியில் உண்டார்கள். வெளியே அவரவர் ஊரார் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

பயில்பவர்களுக்கு ஒரு வேலை உண்டு. நடிகர் வருமுன் அவருடைய உடுப்பை அணிந்து, அவர் நிற்க வேண்டிய இடத்தில் நிற்க வேண்டும். அதைப் பார்த்தே காமிராவைச் சரிசெய்வார்கள்.

"நேத்து ராஜா, இன்னைக்கு போலீசாக்கும். ஒரு சல்யூட் அடி, பாப்போம்" என்றார் அன்று காலையில்.

"முதல்ல கஞ்சியைக் குடியுங்க, ஏட்டையா" என்றேன். சிரித்துக்கொண்டே போனார்.

வெள்ளறடைச் சாலையோரம் காக்கி உடுப்பில் தனியாக நின்றார். காமிரா ரப்பர் மரங்களின் மறைவில் இருந்தது. போலீசிடம் அடிபட்டவர்களைப் பார்த்துவிட்டுக் கொதிப்போடு வந்த நம் தமிழ் இளைஞர்கள் காக்கியை மட்டுமே கண்டார்கள். என் தம்பி ஜெபமணியும் அவர்களில் ஒருவன். அவன் எறிந்த கல் பட்டுத் தொப்பி கழன்றபோதுதான் முகத்தைப் பார்த்தான்.

"எலே, எறியாதீங்க! எங்க அத்தானாக்கும்!" என்று கதறிக்கொண்டு அவர்மேல் விழுந்து மறைத்தான்.

அவனும் கிருஷ்ணனும் கம்பெனி வண்டியில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் ஓடிச் சென்றபோது கிருஷ்ணன் வாசலில் நின்றான். அவன் சட்டையெல்லாம் இரத்தம்.

"சேச்சி, பேடிக்கண்டா. மூச்சு உண்டு" என்று என்னைப் பயப்படாதிருக்கச் சொன்னான்.

மூச்சு மட்டுமே இருந்தது. டாக்டர் நம்பிக்கை தரவில்லை. ஜெபிக்கும்படி சபையில் கேட்டேன். "சினிமாக்காரனுக்கு வேண்டி ஜெபிக்க நம்ம சபைதான் கிட்டுச்சா?" என்றார் ஒரு பெரியவரின் மனைவி. நான் ஆஸ்பத்திரிக்கே திரும்பினேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்காலிட்டேன். கல் தன்னுடையது என்று என்னிடம் சொல்லிவிட்டு, என் தம்பி தூணருகே நின்றுகொண்டிருந்தான். போலீஸ் தேடும் என்று தெரிந்தும் அவன் போகவில்லை.

"அக்கா, என்னை அடி. பேசாம மட்டும் இருக்காதே."

அவன் முகத்தைப் பார்க்க எனக்கு மனமில்லை. அவனைத் தள்ளிவைத்துவிட்டுத் தேவனிடம் பேசவும் என்னால் முடியவில்லை. வெகுநேரம் போராடினேன். கடைசியில், "வா மக்கா, பக்கத்துல முட்டுகுத்து" என்றேன். அவனும் முழங்காலிட்டான். அழுதுகொண்டே இருவரும் கேட்டோம்: ஆண்டவரே, உயிரைத் தாரும்.

பல நாள் அப்படியே கேட்டோம். ஒரு நண்பகலில் அவர் உதடுகள் அசைந்தன.

"லைட்டை ஏன் அணைச்சுப் போட்டீங்க?"

சன்னல் வழியே வெயில் அவர் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. என் தம்பி சுவரில் தலையை மோதிக்கொண்டான்.

காமிராத் தொழில் படிக்கப் போனவர் அதற்குப்பின் எதையும் பார்க்கவில்லை. கல் யாருடையது என்று அவரிடம் சொன்னோம். "அவன் சாப்பிட்டானா?" என்றுதான் கேட்டார். அவர் மரிக்கும்வரை ஞாயிறுதோறும் அவரைக் கைபிடித்து ஆலயத்துக்கு அழைத்துவந்தவன் என் தம்பிதான்.

உயிரைக் கேட்டேன், கர்த்தர் தந்தார். பார்வையையும் கேட்டேன், அது வரவில்லை. காரணம் இன்றும் எனக்குத் தெரியாது. மகள் பிறந்தபோது அவர் அவள் முகத்தை விரல்களால் தடவி, "உன் மூக்காக்கும்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்க வைத்த தேவனை நான் துதிக்கிறேன்.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் யாருடைய முகத்தைப் பார்க்க முடியாமல் இருக்கிறீர்களோ, அவரையும் அருகே அழைத்து, அழுதுகொண்டே தேவனிடம் கேளுங்கள். நான் அப்படித்தான் கேட்டேன்.