நட்சத்திரம் இல்லாத வரி

கோணல் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் மன்னியுங்கள். ஐந்தாவதோடு தறிக்குப் போனவன் நான்.

ஆரணியில் எங்கள் நெசவாளர் சொசைட்டிக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிது. அதில் வேலை பார்த்த தம்பி, நான் நெய்து கொடுத்த புடவைக் கணக்கைத் தட்டியதும் ஒரு காகிதம் வந்தது. வரிவரியாக நட்சத்திரங்கள்.

"புது பார்டர் டிசைனா தம்பி? நடுவுல ஒரு வரி விட்டுப்போச்சே" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "டிசைன் இல்லண்ணே, உங்க கணக்கு. நான் எழுதுன புரோகிராம் போடுது. வரி ஒரு மாசம், நட்சத்திரம் ஒரு புடவை. அந்த மாசம் ஒண்ணுமே நெய்யலியா? கமிட்டி பாத்தா பட்டு குடுக்கறத நிறுத்திடுவாங்களே!"

வீட்டில் ஆளில்லாமல் எனக்குப் பேச்சே மறந்திருந்தது. "அந்த மாசந்தான் சம்சாரம் செத்துப் பூட்டா தம்பி" என்றேன்.

சிரிப்பு நின்றது. "இத சொல்லாமயா இருந்துகினு இருந்தீங்க? அவங்க பேரு இன்னாண்ணே?"

"முனியம்மா."

ஏதோ தட்டினார். மறுபடி வந்த காகிதத்தில், காலியாக இருந்த வரியில் இங்கிலீஷ் எழுத்துகள்.

"அவங்க பேருதாண்ணே. கமிட்டிக்கு நான் சொல்லிக்கிறேன்."

என் ஒவ்வொரு புடவைக்கும் குறுக்கே ஓடும் நூலைத் தாராகச் சுற்றிக் கொடுத்தவள் அவள். சொசைட்டியில் அவள் பெயர் ஏறியது அன்றுதான். காகிதத்தைத் தறிக்கு எதிரே ஒட்டியிருக்கிறேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்த ஒரு வரியை மட்டும் தினமும் படிக்கிறேன்.

தறிக்கு ஓய்வு நாளில் எழுதியது. தை அமாவாசை, 1989.