அக்கா பொலிஸில் நிலைத்த கதை

பசறைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தின் வரிசை வீடொன்றில், கொழுந்து பறித்த அம்மாவுக்கும் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பாவுக்கும் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் எங்கள் அக்கா. அவரோடு சண்டை போட்டே வளர்ந்த தம்பி நான், அவருடைய முதலாண்டு நினைவுக்கு இதை எழுதுகிறேன்.

தமிழ் தெரிந்த பெண்களைப் பொலிஸில் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, எங்கள் தோட்டத்திலிருந்து நால்வர் விண்ணப்பித்தனர். நால்வரும் தெரிவாகினர். பயிற்சி முடிந்ததும் கிழக்குக் கரையில், துறைமுக நகரொன்றுக்கு அனுப்பினார்கள். மலைக்குளிரில் வளர்ந்த உடம்புக்கு அந்த வெக்கை ஒத்துக்கொள்ளவில்லை. முறைப்பாடுகளைச் சிங்களத்தில் எழுத வேண்டும். அக்காவுக்கு அது தட்டுத்தடுமாறித்தான் வந்தது. ஊர்க்காரர்களோ அவருடைய மலையகத் தமிழைக் கேட்டு, "நீங்கள் இந்தியாவோ?" என்பார்களாம். தீபாவளிக்கும் லீவு இல்லை. ஓராண்டுக்குள் மற்ற மூவரும் வேலையை விட்டு வந்துவிட்டார்கள்.

"நீயும் வந்துரு அக்கா" என்று போனில் சொன்னவன் நான்தான்.

அக்கா சிங்களத்தில் விலகல் கடிதம் எழுதி, தமது மேலதிகாரியான சிங்களப் பெண் சார்ஜன்ட்டிடம் கொடுத்தார். அவர் சிவப்புப் பேனாவால் பிழைகளைச் சுழித்து, "இதை எப்படி மேலே அனுப்புவது? திருத்திக்கொண்டு வா" என்று திருப்பிக் கொடுத்தார். அடுத்த மாதமும் அப்படியே. கோபத்திலேயே அக்கா சிங்களம் படித்தார். மூன்றாவது கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை.

"இப்போது சரி. அனுப்பட்டுமா?" என்றார் சார்ஜன்ட்.

அன்று காலைதான், கணவரைக் கடலில் காணோம் என்று வந்த ஒரு பெண்ணின் முறைப்பாட்டை அக்கா தமிழில் கேட்டுச் சிங்களத்தில் தாமே எழுதியிருந்தார். "நாளைக்கும் நீங்கள் இருப்பியளோ?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார் அந்தப் பெண்.

"ஒரு வாரம் பொறுங்க மெடம்" என்றார் அக்கா. அதற்குப் பிறகு அவர் விலகல் பேச்சையே எடுக்கவில்லை.

பதுளைக்கு மாற்றலாகி வந்தபின், பொலிஸுக்குப் பெண்களைச் சேர்க்கத் தோட்டம் தோட்டமாகப் போனார். ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தாய், "பொம்பளப் புள்ளைய ஸ்டேசனுக்கு அனுப்பச் சொல்றீங்களா?" என்று சீறியபோது, அக்கா எதையும் மறைக்கவில்லை.

"கஷ்டந்தாங்க. மொதல்ல அழுவாங்க. அழுகை வந்தா எனக்கு போன் போடச் சொல்லுங்க."

சேர்ந்த பெண்களும் அப்படியே போட்டார்கள். கறி கொதிக்கும்போதும், கோயில் வாசலிலும், போனும் கையுமாக நின்று அவர் சமாதானம் சொன்னதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

கண்டிப்பானவர்தான். ஹெல்மெட் போடாமல் வந்த என்னையே பஸ் நிலையத்தருகே மறித்துத் தண்டச் சீட்டு எழுதினார். அம்மா இரண்டு நாள் இருவரோடும் பேசவில்லை.

புற்றுநோயோடு பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், அவர் சேர்த்துவிட்ட பெண்கள் முறை வைத்துப் பக்கத்தில் இருந்தார்கள். தலைவாரி விட்டார்கள். கஞ்சி ஊட்டினார்கள். எனக்குக் கூட அத்தனை பொறுமை இருக்கவில்லை.

அவர்களுக்கும், மருத்துவர், தாதியருக்கும், அக்காவின் உடலைக் கொண்டுவந்த அன்று மழையில் பாதை வெட்டி எங்களை வீடு சேர்த்த லயத்து உறவுகளுக்கும் எங்கள் நன்றி. தங்கச்சிமாரே, பசறைப் பக்கம் டியூட்டிக்கு வரும்போதெல்லாம் அம்மாவைப் பார்க்க வருகிறீர்கள். இனியும் வாருங்கள். தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு ஓடாதீர்கள். அம்மா உங்களுக்கும் சேர்த்தே சோறு வடிக்கிறார்.