கடைசி வரி வரைக்கும் படித்தேன்

என் பார்வையில் இடது பக்கம் போய்விட்டது. போனதே தெரியாமல் ஒரு வருஷத்துக்கு மேல் பஸ் ஓட்டினேன்.

எண்பதுகளில், மாடம்பாக்கத்திலிருந்து ஒரு தொழிற்சாலைக்கு ஸ்டாஃப் பஸ். ராஜகீழ்ப்பாக்கம், தாம்பரம், குரோம்பேட்டை, அப்புறம் கம்பெனி கேட். எங்கள் தொழிலில் டயரைத் தினம் பார்ப்பார்கள், பிரேக்கை வாரம் ஒருமுறை பார்ப்பார்கள். டிரைவர் கண்ணை வருஷத்துக்கு ஒரு தடவை, இரண்டு நிமிஷம். "எனக்கென்ன, எல்லாம் தெரியுதே" என்று உட்கார்ந்திருக்கும் கூட்டாளிகளே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

வெள்ளைச் சுவர்

கம்பெனி முதலுதவி அறையில் கண் அட்டை தொங்கும். மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகப் பொடி எழுத்து. நான் சேர்ந்த நாளிலிருந்து அதே அட்டை. உள்ளே ஒருவர் படிப்பார், வெளியே வரிசையில் நிற்கிறவர்கள் கேட்பார்கள். எல்லா டிரைவருக்கும் மனப்பாடம்.

கோதண்டம் என்று ஒரு டிரைவர். ஒரு வருஷம் உள்ளே போனான், ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டான், ஆறு வரியையும் கடகடவென்று ஒப்பித்தான். கம்பவுண்டர் பேனாவை மூடினார். "கோதண்டம், அட்டை அங்க இல்லப்பா. வெள்ளையடிக்கக் கழட்டி பெஞ்சுக்கடியில வெச்சிருக்கேன்."

கம்பம்

அன்று அதிகம் சிரித்தவன் நான்தான். எனக்கு மனப்பாடம் தேவையில்லை. கடைசி வரியைப் பார்த்தே படிப்பேன். என் பெயருக்கு எதிரே 'பாஸ்'.

அதே மாதம் ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் விளக்குக் கம்பத்தில் இடித்து இடதுபக்கக் கண்ணாடி உடைந்தது. புதுசு போட்டார்கள். பத்தே நாளில் அதுவும் உடைந்தது. கண்ணாடியை அதிகமாக வெளியே நீட்டி மாட்டிவிட்டார்கள் என்று மெக்கானிக்கைத் திட்டினேன். முன் சீட்டில் எப்போதும் ஜோசப் சார் உட்காருவார். ஸ்டோர்ஸ் கிளார்க், சாதுவான மனிதர். அவர் பேப்பரை மடித்தார். "ஏகாம்பரம், அந்தக் கம்பம் நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து அங்கதான் நிக்குது."

டிபன் டப்பா

குரோம்பேட்டை ஸ்டாப். காலை நேரம். ஓரம் கட்ட வேண்டும். இடது கண்ணாடியைப் பார்த்தேன், ரோடு காலி. ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தேன். பஸ்ஸில் எல்லாரும் ஒரே குரலாக அலறினார்கள்.

பிரேக்கை மிதித்து இறங்கி ஓடினேன். படிக்கட்டு ஓரமாக ஒரு சைக்கிள் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் அப்பனும், யூனிஃபார்மில் ஏழெட்டு வயசுப் பெண்ணும். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவளுடைய டிபன் டப்பா என் முன் டயருக்கு அடியில் தகடாகியிருந்தது. சாதம் நசுங்கி வெளியே வந்திருந்தது. "இன்னாயா, கண்ணு கீதா இல்லியா?" என்று அப்பன் என் சட்டையைப் பிடித்தான். பிடிக்கட்டும். எனக்குக் கேட்டது அந்தப் பெண் சொன்னதுதான். "அப்பா, அவரு என்னையேதாம்ப்பா பாத்துகினு இருந்தாரு."

மூக்கு

என் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் லைசென்ஸ் போகும், வீட்டில் நாலு வாய். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கழுத்தை முழுசாகத் திருப்பினேன். திருப்பியும் நம்பவில்லை. ஸ்டியரிங் வியர்வையில் வழுக்கும். ஜோசப் சார் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் மகள் எஸ்தர் குரோம்பேட்டையில் ஒரு கண் டாக்டரிடம் பரிசோதனை செய்யும் வேலையில் இருந்தாள். ஒரு சனிக்கிழமை கையைப் பிடித்து அங்கே இழுத்துக்கொண்டு போனார்.

அட்டையைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு எழுந்தேன். "உக்காருங்க அங்கிள், இப்பதான் தொடங்கியிருக்கு" என்றாள். கண்ணில் ஏதோ வைத்து அழுத்தம் பார்த்தாள். பிறகு எதிரே உட்கார்ந்தாள். "என் மூக்கையே பாருங்க, பக்கத்துல விரல் ஆடினா சொல்லுங்க" என்றாள். பார்த்தேன். மூக்கு தெரிந்தது. காத்திருந்தேன். சும்மா உட்கார வைத்தால் எனக்குப் பிடிக்காது. "ஆரம்பிம்மா" என்றேன். அவள் முகம் மாறியது. "அங்கிள், நான் விரலை ஆட்ட ஆரம்பிச்சு ரொம்ப நேரமாச்சு."

பாஸ்

டாக்டர் சொட்டு மருந்து விட்டு, கண்ணின் உள்ளே விளக்கடித்துப் பார்த்தார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டிருக்கிறது. வலிக்காது, சிவக்காது. ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வரும், நடுப்பார்வையைக் கடைசியில்தான் தொடும். அட்டை நடுவைத்தான் பார்க்கிறது. போனது திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம். பஸ் கூடாது.

திங்கட்கிழமை காலையிலேயே சாவியை மேனேஜர் மேஜையில் வைத்தேன். அவருக்கு டிரைவர் பற்றாக்குறை. ஃபைலைப் புரட்டிக் காட்டினார். "பாஸ்னு எழுதியிருக்கேய்யா, உனக்கு என்ன குறைச்சல், வண்டியை எடு."

ஒரு நிமிஷம் கை சாவிப் பக்கம் போனது, பொய் சொல்ல மாட்டேன். தகடான டப்பா ஞாபகம் வந்தது. எடுக்கவில்லை.

கேட்

என்னைக் கம்பெனி கேட்டில் காவலுக்கு உட்கார வைத்தார்கள். எஸ்தர் விடவில்லை. அப்பாவோடு வந்து மேனேஜரிடம் சண்டை போட்டு, டிரைவர்கள் எல்லாரையும் வரவழைத்து முழுசாகப் பரிசோதித்தாள். கோதண்டத்துக்கு ஒரு மூக்குக்கண்ணாடி போதும் என்று வந்தது. போட்டுக்கொண்டு ஓட்டினான். முதல் நாள் கேட்டில் பஸ்ஸை நிறுத்தி என்னைப் பார்த்தான். "இன்னாண்ணே இது, பொய்யா படிச்ச நானு ஓட்றேன், மெய்யா படிச்ச நீ கேட்ல குந்திகினுகீற?"

கடைசி வரி வரைக்கும் படித்த மேதாவியான நான் இன்றைக்கும் தடவாமல் நடக்கிறேன் என்றால், அது வருஷத்துக்கு இரண்டு தடவை திட்டிக் கூப்பிட்டு உட்கார வைத்து என் முன்னால் விரலை ஆட்டுகிற எஸ்தர் போட்ட பிச்சை.