டெலஸ்கோப்பில் கடைசி ஆள்

பனிச்சிறுத்தை காட்டுவது என் தொழில். ஓசூரில் ஃபேக்டரி வேலை முடிந்து ரிட்டயர் ஆனபின் பிடித்த வேலை. குளிர்காலத்தில் ஒரு குழுவைக் கூட்டிக்கொண்டு இமயமலையில் ஸ்பிட்டிக்குப் போவேன். எதிர்மலையில் சிறுத்தை தெரிந்தால் டெலஸ்கோப்பில் வரிசையாகக் காட்டுவேன். டெலஸ்கோப் ஒன்றுதான். காசு கொடுத்தவர்கள் முதலில், நான் கடைசியில். என் முறை வருவதற்குள் அது பாறைக்குப் பின்னால் போய்விடும். நாலு குளிர்காலம் போயாச்சு, ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. கல்யாணத்தில் பந்தி பரிமாறிவிட்டு, காலி பாயசக் குண்டானைப் பார்த்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

மாவு

இந்தத் தடவை வந்தவர்களில் முனிரத்னம்மா ஒருவர். வேப்பனப்பள்ளியில் மாந்தோப்பு. வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். போன அன்றே இட்லிக்கு மாவு கரைத்தார். குடிதண்ணீரே கல்லாகிற ஊரில் மாவு எங்கே பொங்கும்? "வீண் வேலை" என்றேன்.

காலையில் பார்த்தால், தூக்குப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு ரஜாய்ப் போர்வைக்குள் படுத்திருக்கிறார். மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. நான் முறைத்தேன்.

"சத்தம் போடாதீங்க அண்ணா, இப்பத்தான் எழுந்திருக்கான்."

களி

டோர்ஜே அந்த ஊர்க்காரர். எங்களுக்காகச் சிறுத்தையைத் தேடிக் கண்டுபிடிப்பவர். ஒருநாள் அவருக்குக் கேழ்வரகுக் களி கொடுத்தோம். எங்கள் ஆட்கள் சுற்றி நின்று, முழுங்குவாரா துப்புவாரா என்று வேடிக்கை பார்த்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் பார்லி மாவை டீயில் பிசைந்து சாப்பிடுகிறவர்கள் என்று இவர்களுக்குத் தெரியாது. மனிதர் ஒரு உருண்டையைக் கிள்ளி, உப்பு டீயில் தோய்த்து வாயில் போட்டார். இன்னொன்று கேட்டார். பிறகு இந்தியில் சொன்னார்:

"இது எங்க சாப்பாடுதான். கொஞ்சம் வெயில்ல கறுத்துப் போச்சு."

லஞ்ச்

செல்வராஜ் ஒரு மெஷின் ஷாப்பில் சூப்பர்வைசர். தன் லைன் ஆட்கள் நாலு பேரோடு வந்திருந்தார். காலையிலிருந்து ஒழுங்காக மலையைப் பார்த்தார்கள். லஞ்ச் நேரம் வந்ததும், சங்கு ஊதியது போல ஐந்து பேரும் ஒன்றாக எழுந்து கீழே சாப்பிடப் போய்விட்டார்கள். டெலஸ்கோப்பில் முனிரத்னம்மா மட்டும்.

உடனே டோர்ஜே கையைத் தூக்கினார். சிறுத்தை! அவர்களைக் கூப்பிட நான் ஓடினேன். சோற்றுக் கையோடு மூச்சு வாங்கி வந்து சேர்ந்தோம். வெறும் பாறை. "நல்லாப் பாத்தேன்" என்றார் முனிரத்னம்மா. என்னையே உற்றுப் பார்த்து, "நீங்க பாத்திருக்கீங்களா அண்ணா?" என்றார். "சாப்பிடப் போங்கம்மா" என்றேன். செல்வராஜ் கையை நக்கிக்கொண்டே கேட்டார்:

"இந்தச் சிறுத்தை எந்த ஷிஃப்ட் சார்?"

வரிசை

கடைசி நாள். பட்டப்பகலில் சிறுத்தை ஒரு தட்டைப் பாறைமேல் வந்து படுத்தது. நான் வழக்கம்போல வரிசை போட்டேன். என் வாயில் வரும் பாட்டு ஒன்றுதான்: "பாத்தாச்சா? நகருங்க. பின்னால ஆள் நிக்குது." முதல் ஆள் முனிரத்னம்மா. என் மஃப்ளரைப் பிடித்து இழுத்து, டெலஸ்கோப்பில் என் தலையை அமுக்கினார். "நான் அன்னைக்கே பாத்துட்டேன். இது உங்க முறை."

சாம்பல் நிறம். உடம்பு நீளத்துக்கு வால். அதை மஃப்ளர் மாதிரி மூக்குவரை சுற்றியிருந்தது. கண்ணைத் திறந்தது. மூடியது. ஒரு கொட்டாவி விட்டது. என் கண்ணில் தண்ணீர். குளிர், வேறென்ன. என்னால் தலையை எடுக்க முடியவில்லை. பின்னால் வரிசையில் செல்வராஜ், அச்சு அசல் என் குரலில்:

"பாத்தாச்சா? நகருங்க. பின்னால ஆள் நிக்குது."

நான் நகர்ந்த பிறகு எல்லோரும் ஆற அமரப் பார்த்து முடிக்கிறவரை சிறுத்தை எழுந்திருக்கவே இல்லை. இந்தத் தொழிலில் பொறுமைசாலி அது ஒன்றுதான்.